காலியா ஓடுனா ஓடட்டும், ரயில முதல்ல விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரோட மேற்குல புதுசா கட்டிக்கிட்டிருக்குற தெங்கா ஊர் பத்தி எழுதலாம்னுதான் உக்காந்தேன், ஆனா வடகிழக்குல இருக்குற எங்க செங்காங்லருந்து ஆரம்பிச்சாத்தான் சொல்ல வந்தது சரியா புரியும். நான் ரிவர்வேல்ல இருக்குறவன். செங்காங்ல முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குங்கள்ல ஆள் குடி வந்தது 1997ல, ரிவர்வேல் பக்கம்தான், நாங்களும் அந்த சமயத்துலயே வந்துட்டோம். வடகிழக்கு ரயில் பாதைக்கு அப்போதான் குழி தோண்ட ஆரம்பிச்சிருந்தாங்க. இன்னைக்கு தெங்கால சாவி வாங்கிட்டு ரயிலுக்காகக் காத்துக்கிட்டிருக்குற குடும்பங்களப் பாக்குறப்போ எங்க பழைய கதைதான் மறுபடியும் ஓடுதுன்னு தோணுது. இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னுமா அதே வரிசை, வீடு முதல்ல ரயில் அப்புறம்?

என் அக்கா பையன் தெங்கால பிடிஓ வீடு (கட்டுறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணி வாங்குற வீவக வீடு) எடுத்திருக்கான். வீடு அருமையா இருக்கு, குறை சொல்ல முடியாது, சுத்தி மரம், காத்து, நல்ல அமைதி. சமையலறை ஜன்னலத் தொறந்தா எதிர்ல ஜூரோங் வட்டார ரயிலுக்கான மேம்பாலம் தூணுக்கு மேல தூணா நீட்டமா போகுது. "மாமா, டெய்லி காப்பி குடிச்சுக்கிட்டே இந்தப் பாலத்தப் பாக்குறேன், ஆனா ஆபீஸ் போறது பஸ்ஸுலதான்"னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான், ஆனா அவன் பொண்டாட்டி சிரிக்கல, காலையில கைக்குழந்தைய டே கேர்ல விட்டுட்டு புக்கிட் பாத்தோக் போற பஸ்ஸப் புடிச்சு அங்கேருந்து ரயில் மாறி ஊருக்குள்ள போறது அந்தப் பொண்ணுதானே.

தெங்கா சின்ன பேட்டை இல்ல. சுமார் 700 ஹெக்டேர், கட்டி முடிக்கிறப்போ 42,000 வீடு. 2018 நவம்பர்ல முதல் பிடிஓ வித்தாங்க, 2023ல முதல் சாவி குடுத்தாங்க. பஸ் இன்டர்சேஞ்ச் 2024 ஜூலைல வந்துச்சு, அது வரைக்கும் அதுவும் கெடையாது. ரயில் 2026ல வரும்னு மொதல்ல சொல்லியிருந்தாங்க, கோவிட் வந்து எல்லா வேலையும் நின்னதால அது தள்ளிப்போச்சு, அதுக்காக யாரையும் திட்ட முடியாது, அந்த சமயத்துல நம்ம வீட்டு டாய்லெட் குழாய் மாத்தக்கூட ஆள் கெடைக்கல. ஆனா ஒண்ணு, கோவிட் வராம இருந்திருந்தாலும் 2023ல குடி போனவங்க 2026 வரைக்கும் காத்திருந்துதான் ஆகணும். அதாவது இது தாமதத்துல வந்த கோளாறு மட்டும் இல்ல, போட்ட திட்டமே அப்படித்தான் இருந்துச்சு. நான் கேக்குறது அதப் பத்திதான்.

இதுல இன்னொரு வேடிக்கை. தெங்கா டவுன் சென்டர்ல மேல காரே ஓடாது, ரோடெல்லாம் கீழ போகும், மேல நடக்குறவங்களும் சைக்கிளும்தான்னு விளம்பரம் பண்ணுனாங்க, கார் கம்மியா இருக்குற ஊருன்னு. நல்ல யோசனை, எனக்கும் புடிச்சிருக்கு. ஆனா ரயில் இல்லாம மூணு நாலு வருஷம் ஒரு குடும்பத்த அங்க குடி வெச்சா அவங்க என்ன செய்வாங்க? கார் வெச்சுக்குறதுக்கான உரிமைச் சீட்டு, அதான் சிஓஇ, லட்சம் வெள்ளியத் தாண்டுனாலும் பரவால்லன்னு கடன வாங்கி ஒரு காரப் போட்டுருவாங்க. அந்தக் காருக்கு பத்து வருஷம் ஆயுசு. ரயில் வந்தப்புறமும் "கார்தான் இருக்கே"ன்னு அதுலதான் போவாங்க. ஒரு பழக்கம் வந்துட்டா அவ்வளவு சுலபத்துல போகாது. கார் இல்லாத ஊரக் கட்டப் போயி, முதல் வருஷமே எல்லாரையும் கார் வாங்க வெச்ச கதையா ஆயிரும்.

செங்காங்ல நாங்க எப்படி சமாளிச்சோம்னா, பஸ்தான். பஸ்ஸப் புடிச்சு அங் மோ கியோ போயி, அங்கேருந்து எம்ஆர்டி, அதாவது பெரிய ரயில். இல்லன்னா அப்பர் சிராங்கூன் ரோடு வழியா நெரிசல்ல ஊர்ந்து ஊர்ந்து போற பஸ்ஸுலயே லிட்டில் இந்தியா தேக்கா வரைக்கும். எங்கம்மாவுக்கு சனிக்கிழமை தேக்கா மார்க்கெட் போகலன்னா அந்த வாரமே ஓடாது. கீரை, முருங்கக்காய், வெத்தல, மீன்னு ரெண்டு பை நிறைய வாங்கிட்டு அந்த பஸ்ஸுல நின்னுக்கிட்டே வருவாங்க, முருங்கக்காய் பையிலருந்து நீட்டிக்கிட்டு பக்கத்துல நிக்கிறவங்க சட்டைய இழுக்கும்.

அப்புறம் ரயில் வந்துச்சு. அதுலயும் ஒரு கூத்து. வடகிழக்குப் பாதை 2002 டிசம்பர்ல தொறக்கும்னாங்க, தள்ளிப்போயி 2003 ஜூன் 20லதான் தொறந்தாங்க. ஆனா ஊருக்குள்ளயே வளையமா சுத்துற குட்டி ரயில், அதாவது செங்காங் எல்ஆர்டி, அதோட கிழக்கு வளையம் 2003 ஜனவரி 18லயே ஓட ஆரம்பிச்சிருச்சு. அஞ்சு மாசம் அந்தக் குட்டி ரயில் கம்பஸ்வேல், ரும்பியா, பாக்காவ், கங்கார், ரங்கோங்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு, எங்கள இன்டர்சேஞ்சுல கொண்டாந்து எறக்கும், எறங்கி கீழ போனா ரயில் இல்ல, மறுபடியும் பஸ்தான். ஊர்ல எல்லாரும் கிண்டல் பண்ணுனாங்க. ஆனா நான் அதத் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா ஜூன்ல பெரிய ரயில் வந்தப்போ எங்க ஆளுங்களுக்கு குட்டி ரயில் ஏற்கெனவே பழகிப்போயிருந்துச்சு, எந்தப் பக்கம் சுத்துற வண்டி நம்ம புளோக்குக்கு சீக்கிரம் போகும்னு பாட்டிங்களுக்கெல்லாம் அத்துப்படி.

இப்ப செங்காங் ஸ்டேஷன சாயங்காலம் ஆறரை ஏழு மணிக்கு வந்து பாருங்க. அடியில வடகிழக்குப் பாதை, மேல எல்ஆர்டி, பக்கத்துலயே பஸ் இன்டர்சேஞ்ச், ஒட்டுனாப்ல கம்பஸ் ஒன் கடைத்தொகுதி. கீழ ரயில் கதவு தொறந்ததும் ஜனங்க அப்படியே எஸ்கலேட்டர் பக்கம் திரும்புவாங்க, லிஃப்ட் வாசல்ல ஒரு தள்ளுவண்டி, ரெண்டு சக்கர நாற்காலி, தேக்கா பையோட ஒரு அம்மா. எஸ்கலேட்டர் மேல போறப்பவே எல்லாரு கண்ணும் அந்த போர்டுலதான் இருக்கும், கிழக்கு வளையம் எத்தன நிமிஷம், மேற்கு வளையம் எத்தன நிமிஷம்னு. ஒரு நிமிஷம்னு போட்டிருந்தா ஆபீஸ் ஷூவோட ஓட்டம்தான். எல்ஆர்டி மொதல்ல ஒத்தப் பெட்டியில ஓடுனது, 2016ல ரெண்டு பெட்டி வண்டி விட ஆரம்பிச்சாங்க, அதுவும் பத்தாம இப்ப செங்காங் பொங்கோல் ரெண்டுக்குமா சேர்த்து 25 புது ரெண்டு பெட்டி வண்டி வாங்கி, டிப்போவையும் பெருசா கட்டுறாங்க. செங்காங்ல இன்னைக்கு ரெண்டரை லட்சம் பேர் கிட்ட இருக்கோம். யாரு நெனச்சா, அன்னைக்கு காலியா சுத்துன வண்டியில இன்னைக்கு ஏற எடம் இல்லாமப் போகும்னு.

எதுக்கு இவ்வளவு பழங்கதைன்னு கேக்கலாம். காலி ரயிலப் பாத்து பயப்படுற வியாதி ஒண்ணு நமக்கு இருக்கு, அதுக்குத்தான். புவாங்கோக் ஸ்டேஷன் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன், 2003லயே கட்டி முடிச்சு எல்லாம் தயார். ஆனா சுத்தி வீடு பத்தாது, ஆள் வர மாட்டாங்க, நடத்துறவங்களுக்கு கட்டுப்படியாகாதுன்னு பூட்டியே வெச்சிருந்தாங்க. ரயில் அந்த ஸ்டேஷன நிக்காம தாண்டிப் போகும். மேல குடியிருந்த ஜனங்க என்ன பாவம் பண்ணுனாங்க? கால்மாட்டுல ஸ்டேஷன வெச்சுக்கிட்டு ஹவ்காங்குக்கோ செங்காங்குக்கோ பஸ் ஏறுனாங்க. 2005 ஆகஸ்ட்ல அப்போ அமைச்சரா இருந்த டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன் அந்தப் பக்கம் வந்தப்போ காசு போட்டு வீணாக் கெடக்குறதுக்கு அடையாளமா ரோட்டோரமா எட்டு வெள்ளை யானை அட்டைய நட்டு வெச்சிருந்தாங்க. அனுமதி இல்லாம வெச்சதுன்னு போலீஸ் விசாரணை வரைக்கும் போச்சு, ஞாபகம் இருக்குறவங்க இருப்பீங்க. ஆனா வேல நடந்துச்சு, 2006 ஜனவரி 15ல ஸ்டேஷனத் தொறந்துட்டாங்க. இன்னைக்கு காலையில அங்க ஏறிப் பாருங்க, உக்கார சீட்டு கெடைக்குதான்னு.

உட்லீ ஸ்டேஷன் இன்னும் மோசம், 2011 ஜூன் 20 வரைக்கும் பூட்டு, அதாவது பாதை தொறந்து சரியா எட்டு வருஷம். பொங்கோல் எல்ஆர்டி மேற்கு வளையத்த எடுத்துக்கிட்டா, பாலம், தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாம் கட்டிட்டு 2014 ஜூன் வரைக்கும் ஒரு வண்டிகூட விடல. அதுல தெக் லீ ஸ்டேஷனுக்கு 2024 ஆகஸ்ட் 15லதான் விடிஞ்சுச்சு, அதுவும் பக்கத்துல சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தோட புது வளாகம் வந்ததால. எங்க செங்காங் மேற்கு வளையம் 2005ல தொறந்தப்போ ஃபார்ம்வே, செங் லிம், கூப்பாங் மூணையும் விட்டுட்டாங்க. ஃபார்ம்வே 2007ல, செங் லிம் 2013ல, கூப்பாங் 2015ல தொறந்துச்சு. அந்த செங் லிம் பக்கத்துலதான் இப்ப செங்காங் பொது மருத்துவமனை இருக்கு, கைய புடிச்சுக்கிட்டு தாத்தா பாட்டிய கூட்டிட்டுப் போறவங்க எல்லாம் எறங்குற ஸ்டேஷன் அது.

பணம் வீணாகும்லன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, நானும் கணக்கு வேல பாத்தவன்தான். காலி ஸ்டேஷனுக்கும் லைட்டு, ஏசி, லிஃப்ட், ஆள் எல்லாம் வேணும், செலவுதான். ஆனா பாதைய கட்டுறதுக்கே வடகிழக்குப் பாதையில 4.6 பில்லியன் வெள்ளி போட்டாங்க. அவ்வளவு போட்டுட்டு ஒரு ஸ்டேஷனோட கரண்டு பில்லுக்கு யோசிக்கிறது விருந்தாளி பந்தியில உக்காந்தப்புறம்தான் உலை வைப்பேன்னு அடம் புடிக்கிற மாதிரி இருக்கு. அதோட, அப்போ ரயில நடத்துற நிறுவனம் டிக்கெட்டு வருமானத்துல லாப நஷ்டம் பாக்கணும், அதனால தயங்குனாங்கன்னு சொன்னா ஒத்துக்கலாம். இப்ப நெலமை வேற. 2018 ஏப்ரல்லருந்து வடகிழக்குப் பாதையும் செங்காங் பொங்கோல் எல்ஆர்டியும் புது நிதி முறைக்கு மாறிருச்சு, ரயில் வண்டி, சிக்னல் மாதிரி சொத்தெல்லாம் அரசாங்கத்துக்கிட்ட, நடத்துறது மட்டும்தான் கம்பெனி. அப்புறம் எதுக்கு ஆள் சேரட்டும்னு ஸ்டேஷனப் பூட்டி வெக்கணும்? சாலையப் போட்டுட்டு கார் வரட்டும் அப்புறம் தொறக்கலாம்னு யாராவது தடுப்பு வெக்கிறாங்களா?

இதுக்கு ஒரு எதிர்வாதம் வரும்னு எனக்குத் தெரியும், ஏன்னா என் பழைய ஆபீஸ் நண்பர் கோப்பிக்கடையில இதத்தான் சொன்னார். "நம்ம காலத்துல தோ பாயோல ரயிலா இருந்துச்சு? அறுபதுகள்ல குடி வந்தவங்க 1987 நவம்பர் வரைக்கும் பஸ்ஸுலதானே போனாங்க, செத்தா போயிட்டாங்க?"ன்னார். போகல, உண்மைதான். ஆனா அப்போ நாட்டுலயே ரயில் பாதை கெடையாது, எல்லாருக்கும் பஸ்தான், வேலையும் பாதி பேருக்கு பக்கத்துலயே இருந்துச்சு. இப்ப ஒரு ஊர வரையுறப்பவே ஸ்டேஷன நடுவுல வெச்சு, அதச் சுத்தி கடை, பள்ளிக்கூடம், கிளினிக்னு வரையுறாங்க. நடுவுல இருக்குறது வராம சுத்தி இருக்குறதும் வராது. தெங்கால புது வீட்டுக்குப் போயி மொதல் தீபாவளிக்கு மல்லிப்பூ வாங்கணும்னா எங்க போவீங்க? என் அக்கா பையன் தேக்காவுக்கே வந்தான், ஒரு பையன கையிலயும் ஒரு பைய தோள்லயும் மாட்டிக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி.

ரயில முதல்ல விட்டா என்ன ஆகும்னு பாக்க ரொம்ப தூரம் போக வேணாம். பேஷோர் ஸ்டேஷன 2024 ஜூன்ல தொறந்துட்டாங்க, அங்க பிடிஓ வீடு விக்கவே ஆரம்பிச்சது அந்த வருஷம் அக்டோபர்லதான். வீடு கட்டி சாவி குடுக்குறப்போ ரயில் ஏற்கெனவே வாசல்ல நிக்கும். பொங்கோல் கோஸ்ட்டும் அப்படித்தான், 2024 டிசம்பர் 10ல தொறந்தப்போ பக்கத்துல மின்னிலக்க வட்டாரத்துல பாதி கட்டடம் இன்னும் வேலையா இருந்துச்சு, தொறந்த முதல் நாளே பள்ளிப் பிள்ளைங்களும் தாத்தா பாட்டிங்களும் போட்டோ எடுக்கப் போயி கூட்டம். அப்ப முடியாதுன்னு இல்ல, முடியுது. கடற்கரை ஓரம் இருக்குற பேஷோருக்கு முடிஞ்சது தெங்காவுக்கு ஏன் முடியலங்குறதுதான் என் கேள்வி. (பேஷோர் ஸ்டேஷன் இருக்குற தாம்சன் பாதை வேற வேலையா அந்தப் பக்கம் போச்சு, தெங்காவுக்குன்னே தனியா பாதை போட வேண்டியிருந்துச்சுன்னு பதில் சொல்லலாம், அது பாதிதான் பதில், ஏன்னா ஊர எங்க எப்போ கட்டணும்னு முடிவு பண்ணுறதும் அரசாங்கம்தான்.)

ஜூரோங் வட்டாரப் பாதை மொத்தம் 24 ஸ்டேஷன், 24 கிலோமீட்டர், முழுக்க மேம்பாலத்துல. சுவா சூ காங், பூன் லே, ஜூரோங் ஈஸ்ட் மூணு எடத்துல பழைய பாதைங்களோட சேரும். தெங்கா ஸ்டேஷன்லயே ரெண்டு கிளையா பிரியும், அதனால அங்கயும் செங்காங் மாதிரி வண்டி மாறுற கூட்டம் வரும். சுவா சூ காங்ல ஏற்கெனவே எம்ஆர்டி, எல்ஆர்டி, பஸ் மூணும் சேந்து காலையில மூச்சு முட்டுது, 1990ல கட்டுன ஸ்டேஷன், 1999ல புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி வந்து சேந்துச்சு, நெரிசல் தாங்காம 2016ல எல்ஆர்டிக்கு கூடுதல் நடைமேடை போட வேண்டியதாச்சு. மூணாவதா இன்னொரு பாதை வரப்போகுது. அங்க லிஃப்ட் எத்தன, மேல கூரையோட நடைபாதை எங்கேருந்து எங்க வரைக்கும், பழைய வாசல் எப்போ மூடும், இதெல்லாம் இப்பவே குடியிருப்பாளர்களுக்கு நாலு மொழியிலயும் புரியுற மாதிரி சொன்னா நல்லது, கடைசி வாரத்துல நோட்டீஸ் ஒட்டுறத விட.

நான் கேக்குறது ரெண்டு மூணு விஷயம்தான். ஒண்ணு, ஜூரோங் வட்டாரப் பாதையோட முதல் கட்டம் தொறக்குற அன்னைக்கு அந்தக் கட்டத்துல இருக்குற எல்லா ஸ்டேஷனையும் சேத்துத் தொறக்கணும், சுத்தி புளோக் இன்னும் ஏறலன்னாலும் சரி. செங்காங் பொங்கோல் அனுபவத்துல எந்த ஸ்டேஷனும் கடைசி வரைக்கும் காலியா நிக்கல, எல்லாம் நெறஞ்சுதான் போச்சு. அடுத்தது, அது வரைக்கும் தெங்காலருந்து போற பஸ்ஸுங்கள, பாலத்துல ஸ்டேஷன் எங்க வருதோ அதே எடத்துல நிக்கிற மாதிரி இப்பவே ஓட்டுனா ஜனங்களுக்கு அந்த நடைவழி பழகிரும், எங்களுக்கு எல்ஆர்டி பழகுன மாதிரி. பஸ் ரயில் வந்த மறுநாளே நிறுத்தாம கொஞ்ச காலம் சேந்து ஓடட்டும், வயசானவங்களுக்கு வழி மாத்திக்க நேரம் வேணும்.

அப்புறம் இனிமே புது ஊர்ல பிடிஓ விக்கிறப்போ வீட்டோட படம், நீச்சல் கொளம் இல்லாத தோட்டம், சோலார் கூரைன்னு போடுற அதே பக்கத்துல, சாவி கெடைக்கிற வருஷத்தையும் பக்கத்து ஸ்டேஷன் தொறக்குற வருஷத்தையும் ஒரே அளவு எழுத்துல சேத்துப் போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல மூணு வருஷ இடைவெளி இருந்தா அந்த மூணு வருஷத்துக்கு எந்த பஸ் எங்க போகும்னும் போடுங்க. கார் வாங்கணுமா வேணாமா, குழந்தைய எந்த டே கேர்ல சேக்குறது, அம்மாவ கூட வெச்சுக்கலாமா முடியாதான்னு அதப் பாத்துதான் குடும்பங்க முடிவு எடுக்குது.

இப்படிக்கு,
ரிவர்வேல் வாசி ஒருத்தர்,
செங்காங்